துண்டைக் கிழித்த பரம்பரைக்குப் பூட்டுப் போட்ட போன் எதற்கு?

பாவித்த போன் ஒன்று வாங்கப் போகிறேன் என்று சொல்லும்போது உன் குரல் ஏன் தாழ்கிறது, தங்கச்சி? தெரணியகலையிலிருந்தோ இறக்குவானையிலிருந்தோ பஸ் ஏறி டவுனுக்கு வந்து, போன் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே போவதா வேண்டாமா என்று தயங்கும் தம்பி, நீயும் கேள். கூசிக்கொண்டு நுழைய வேண்டிய ஆள் நீ இல்லை. விடிந்தும் விடியாமலும் இறப்பர்ப் பால் வெட்டப் போகும் தகப்பனின் காசு உன் பொக்கெட்டில் இருக்கிறது. அட்டைக்கடியோடு மலையேறிக் கொழுந்து பறித்த தாயின் காசு அது. நாட்டில் அதைவிட நேர்மையான காசு எது? நிமிர்ந்து உள்ளே போ. கேள்வி கேள். பதில் சரியில்லை என்றால் அதே நிமிர்வோடு வெளியே வா.

முதலில் கணக்கைப் பேசுவோம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அதை வைத்தே கணக்குப் போடுவோம். அதற்கு மேல் கிடைப்பதையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடு. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழிந்தால் கைக்கு வருவது 1242. 25,000 ரூபாய்க்கு ஒரு பாவித்த போன் எடுத்தால் அது இருபது பேர், அதாவது இருபது நாள் உழைப்பு. ஒன்றரை இலட்சத்துக்குப் புதுப் போன் எடுத்தால் நூற்றிருபத்தொரு பேர். மாதத்துக்கு இருபத்தைந்து நாள் வேலை கிடைத்தாலும் ஐந்து மாதம். கேகாலைப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் மழை பிடித்தால் பால் வெட்டு நிற்கும் என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரைப்பேர் விழும் நாட்களும் உண்டு. ஐந்து மாதத்து உழைப்பை ஒரு கண்ணாடித் துண்டுக்குக் கொடுத்துவிட்டு, தங்கையின் டியூஷன் காசுக்கு யாரிடம் கை நீட்டப் போகிறாய்? 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் இருநூறு ரூபாயிலிருந்து முன்னூற்றறுபதைத் தாண்டியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாச் சாமானும் நமக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. அது நம் குற்றமில்லை. அதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

அப்போதுதான் ஒரு குரல் இனிமையாக வரும். "காசு இல்லாட்டி என்ன, தவணைக்கு எடுங்க. ஐ.டி. கார்டைக் காட்டினால் போதும்." அந்த இடத்தில் நில்.

நம் தாத்தாவின் தாத்தா காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. கங்காணியும் ஆட்களும் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவர்கள் தலையில் இவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய துண்டு கையில் வேண்டும். அடுத்த தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்து ஆட்களை எடுக்கும். ஆள் மாறுவான், தோட்டம் மாறும், கடன் மட்டும் கூடவே நடக்கும். கடலைத் தாண்டி வந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து, வழியில் செத்தவர்களைப் புதைக்கவும் நேரமில்லாமல் மலையேறிய சனத்தை அந்தக் காகிதம் கட்டிப் போட்டிருந்தது. 1921இல்தான் சட்டத்தால் அது ஒழிந்தது.

இன்றைக்குத் தவணையில் விற்கும் போனை, கட்டத் தவறினால் தூரத்திலிருந்தே பூட்டிவிடும் வசதி வந்துவிட்டது. சாம்சங்கின் நொக்ஸ் கார்ட் அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. பத்தாம் திகதி சம்பளம் பிந்தினால் உன் கையிலிருக்கும் போன் உனக்கே திறக்காது. ஒரு நூற்றாண்டுக்கு முன் கிழித்துப் போட்ட துண்டை நீயாகப் போய்க் கேட்டு வாங்கி, கவர் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்வாயா? தீபாவளி முற்பணத்தில் எடு, சீட்டுக் காசில் எடு, ஆறு மாதம் உண்டியலில் சேர்த்து எடு. எடுக்கும் அன்றே அது முழுதாக உன்னுடையதாக இருக்கட்டும்.

சரி, போன் அவ்வளவு அவசியமா என்று லயத்தில் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் வர ஒரு காலத்தில் புடவை வியாபாரி வேடம் போட வேண்டியிருந்தது என்று அவர்களே கேள்விப்பட்டிருப்பார்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாது, வெளிச்செய்தி உள்ளே வரக்கூடாது, நம் செய்தி வெளியே போகக்கூடாது. அப்படிக் காவல் போட்ட இடம் இது. அந்தக் காவலை உடைக்கத்தான் அவர் பத்திரிகை நடத்தினார். இன்று உன் கைக்குள் அடங்கும் ஒரு கருவி, கேட்டில் யாரிடமும் அனுமதி கேட்காமல் உலகத்தை உள்ளே கொண்டுவருகிறது. கணிதமும் விஞ்ஞானமும் உயர்தரத்தில் தமிழில் படிக்க வீட்டை விட்டு வேறு மாவட்டத்துக்குப் போன பிள்ளைகள் நம் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் எத்தனை பேர்! போக வழியில்லாமல் ஆசையை விழுங்கியவர்கள் எத்தனை பேர்! யாழ்ப்பாணத்து ஆசிரியரின் பௌதிகவியல் பாடம் இன்று யூடியூபில் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழில் இருக்கின்றன. பரீட்சைப் பெறுபேறு போனுக்கு வருகிறது. கச்சேரியிலிருந்து சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்தால், படிக்கத் தெரிந்த ஆளைத் தேடி லயம் லயமாக அலைய வேண்டாம். கமராவைக் கடிதத்தின் மேல் பிடித்து மொழிபெயர்ப்பைத் தொட்டால், குத்துமதிப்பாகவாவது விஷயம் விளங்கும். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி தமிழில் பேசினால் போன் எழுதும். இதெல்லாம் ஆடம்பரமா?

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடம் போனுக்குள் போய்விட்டது. போன் இல்லாத வீட்டுப் பிள்ளை பாடத்துக்கு வெளியே நின்றது. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே மலையேறிப் படித்ததை 2021இல் உலகப் பத்திரிகைகள் படம் போட்டன. நம் தோட்டங்களிலும் அப்பாவின் ஒரே போனுக்காக மூன்று பிள்ளைகள் அவர் வேலை விட்டு வரும்வரை காத்திருந்தார்கள். அந்த வருடங்களில் விட்டதைப் பிடிக்க இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை நீ. உனக்குப் போன் வேண்டும். புதுசு வேண்டியதில்லை, நல்லது வேண்டும்.

நல்லதை எப்படித் தெரிந்தெடுப்பது என்பதை எட்டியாந்தோட்டை டவுனில் ஒரு கடையில் ஓர் அக்கா எனக்குக் காட்டினார். பால் வெட்டும் அக்கா. மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைக்காரர் பளபளவென்று ஒரு போனை எடுத்து வைத்தார்.

"ஜப்பான் போன் தங்கச்சி. நல்ல சாமான். யோசிக்காம எடுங்க."

"எங்க சிம்மப் போட்டுப் பாக்கணும் நானா."

"அதெல்லாம் வேல செய்யும்."

"வேல செய்யும்னா போட்டுப் பாக்குறதுல என்னா நானா?"

சிம் உள்ளே போனது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து வந்து ஒரு இரகசிய எண்ணைக் கேட்டது. அந்த அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் மூலையில் டவர் கோடு ஏறவில்லை என்பது தெரிந்தது. "இது வேணாம். வேற எடுங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த எண்ணை ஏன் கேட்டது தெரியுமா? வெளிநாட்டில் ஒரு நிறுவனம் தன் சிம்மில் மட்டும் ஓடும்படி பூட்டி விற்ற போன் அது. அமெரிக்காவில் ஒப்பந்தத்தில் விற்கும் போன்களில் இந்தப் பூட்டு சாதாரணம். ஜப்பானில் 2021 ஒக்டோபரிலிருந்துதான் இப்படிப் பூட்டி விற்பதை நிறுத்த வைத்தார்கள். அதற்கு முந்திய போன்களில் பூட்டோடு வருவது நிறைய. வளைகுடாவிலிருந்து சித்தி கொண்டுவந்து தரும் போனாக இருந்தாலும் இதே சோதனையைச் செய். சிம்மைப் போடு, ஒரு அழைப்பு எடு, டேட்டாவைப் போட்டு ஒரு பக்கத்தைத் திற. உன் லயத்தில் எந்த சிம்முக்கு டவர் பிடிக்கிறதோ அந்த சிம்மைக் கொண்டுபோ. அடுத்த மலையில் பிடிப்பது உன் மலையில் பிடிக்காது. போன் 4ஜியில் நிற்கிறதா என்றும் பார். நம் நாட்டில் 4ஜி பெரும்பாலும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. பேண்ட் 3 என்பார்கள். அது இல்லாத போன் தோட்டத்துக்கு வந்தால் இழுத்துக்கொண்டே கிடக்கும்.

அக்காவுக்கு இரண்டாவதாக வந்தது ஒரு சாம்சங். சிம் ஏறியது. மகள் *#06# என்று அடித்தாள். அந்தப் போனின் 15 இலக்க அடையாள எண் திரையில் வந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டாள். பிறகு தாயின் பழைய பட்டன் போனில் ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணை எழுதி 1909க்கு அனுப்பினாள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று அங்கிருந்து பதில் வரும். 2025 ஜனவரி 28க்குப் பிறகு புதிதாகச் சேரும் பதிவில்லாத கருவிகளுக்கு வலையமைப்பு கிடைக்காது என்று ஆணைக்குழு அறிவித்ததிலிருந்து இந்தச் சோதனை கட்டாயம் என்றே வைத்துக்கொள். கடைக்காரர் கொஞ்சம் பொறுமை இழந்தார். தாயும் மகளும் அசையவில்லை. பதில் வரும்வரை கண்ணாடி மேசையில் கையூன்றி நின்றார்கள். தம்பி, அந்த நிற்றல்தான் எனக்கு வேண்டும். பின்னால் இன்னும் நாலு பேர் காத்திருக்கலாம். காத்திருக்கட்டும்.

பிறகு கைரேகை வைக்கச் சொன்னார் கடைக்காரர். அக்கா பெருவிரலை வைத்தார், ஏறவில்லை. துடைத்து மறுபடி வைத்தார், ஏறவில்லை. வருடக்கணக்காகக் கத்தி பிடித்து, பால் பட்டுக் கறுத்து, ரேகை தேய்ந்த விரல். கொழுந்து பறிக்கும் விரல்களுக்கும் இப்படி நடக்கும். அவர் முகம் வாடவில்லை. "நம்பர் போட்டுக்கிறேன் நானா" என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். உழைத்த விரலை ஒரு இயந்திரத்துக்கு அடையாளம் தெரியவில்லை என்றால் குறை இயந்திரத்துடையது. ஆறு இலக்க எண் போதும். பிறந்த வருடத்தை மட்டும் வைக்காதே.

வயது பார்ப்பது அடுத்தது, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழையது என்றால் எவ்வளவு பழையது? வட்ஸ்அப் 2025 ஜனவரியோடு அன்ட்ரொய்ட் 4.4ஐக் கைகழுவியது. க்ரோமின் புதிய பதிப்புகளுக்கு 2025 ஓகஸ்ட்டிலிருந்து அன்ட்ரொய்ட் 10 ஆவது வேண்டும். ஆகவே பத்துக்குக் கீழே போகாதே. பன்னிரண்டு, பதின்மூன்று என்றால் நிம்மதி. செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குள் போனால், பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக எந்த மாதம் வந்தது என்று இருக்கும். அது மூன்று வருடத்துக்கு முந்திய திகதி என்றால் அந்தப் போனை அதன் கம்பனி கைவிட்டுவிட்டது. வங்கிக் கணக்கைப் போனில் பார்க்கிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். எவ்வளவு காலம் பார்த்துக்கொள்வோம் என்று கம்பனிகளே சொல்லியிருக்கின்றன. 2023 மார்ச்சில் வந்த சாம்சங் கெலக்சி ஏ34க்கு ஐந்து வருடப் பாதுகாப்பு, அதாவது 2028 வரை. 2024இல் வந்த ஏ16க்கு ஆறு வருடம். இரண்டு மூன்று வருடம் ஓடிய இப்படிப்பட்ட ஒன்று கையில் கிடைத்தால், அதற்கு முன்னால் இன்னும் சில வருடம் இருக்கிறது.

பெட்டி உடைக்காத மலிவுப் புதுப் போனைப் பார்த்து மயங்காதே. 2ஜீபி ரேம், 32ஜீபி இடம் என்று வரும் புதுப் போன், வட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்களிலேயே நிரம்பிவிடும். ஸூம் வகுப்பும் பாடக் குறிப்பும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு முட்டும். அதே காசுக்கு 6ஜீபி ரேமும் 128ஜீபி இடமும் உள்ள பாவித்த நடுத்தர மொடல் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடு. 4ஜீபிக்குக் கீழே என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன். ஹுவாவே நல்ல கருவிதான். ஆனால் 2019 மே மாதத்து அமெரிக்கத் தடைக்குப் பிறகு உருவான பி40 போன்ற மொடல்களில் கூகுள் இல்லை, பிளே ஸ்டோர் இல்லை. கூகுளின் பிக்சல் கமரா அழகாக இருக்கும், ஆனால் திரை உடைந்தால் பலாங்கொடையிலோ பெல்மதுளையிலோ அதற்கு டிஸ்ப்ளே தேடிப் பார். சாம்சங், ரெட்மி என்றால் டவுன் கடையிலேயே பற்றரியும் திரையும் கிடைக்கும். உன் ஊரில் திருத்தக்கூடிய போனே உனக்கு நல்ல போன்.

பற்றரியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2016 மே மாத மழையில் அரநாயக்கவில் மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயங்கள் மேல் மண் வந்து விழுந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் மழை இரவில் இன்றும் ஒரு கண்ணைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு எச்சரிக்கை போனுக்கு வரலாம். அனர்த்த உதவிக்கான 117க்கு நீ அழைக்க வேண்டி வரலாம். அந்த நேரத்தில் கரண்ட் இருக்காது. நூற்றுக்கு முப்பதில் பட்டென்று அணையும் போன் அன்று எதற்கு உதவும்? ஆகவே கடையில் நிற்கும்போதே பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டு, எத்தனை சதவீதம் இறங்குகிறது, முதுகு எவ்வளவு சுடுகிறது என்று பார். பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தாலோ, தட்டையான மேசையில் வைத்தால் ஆடினாலோ, பற்றரி வீங்கியிருக்கிறது. அது ஆபத்து, கீழே வை. ஐந்நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கினால் பற்றரி தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குவரை இழந்திருக்கலாம். ஆகவே புதுப் பற்றரிக்கான காசை விலையில் குறைத்துக் கேள். கூச்சப்படாதே, அது நியாயமான பேரம். சிம் தட்டைக் கழற்றிய ஓட்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்: சில மொடல்களில் அங்கே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர் பட்டிருந்தால் சிவந்திருக்கும். சார்ஜர் குத்தும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார். இரத்தினபுரி மழைக்கு அது சாதாரணம். வாங்கியபின் சித்திரை மாதத்து இடி தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி வை. நம் பக்கத்து மின்னல் யாருக்கும் இரக்கம் காட்டாது.

இனிமேல் சொல்வது அக்காமாருக்கும் அம்மாமாருக்கும் முக்கியமாக. பாவித்த போனில் இன்னொரு பூட்டு உண்டு. 2015இல் வந்த அன்ட்ரொய்ட் 5.1இலிருந்து, பழைய சொந்தக்காரரின் கூகுள் கணக்கை எடுக்காமல் போனை அழித்தால், அடுத்தவர் திறக்கும்போது அதே கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். களவுப் போனுக்குப் போட்ட பூட்டு அது. ஆகவே விற்கிறவரே உன் கண்முன் தன் கணக்கை நீக்கி, போனை முழுதாக அழித்து, முதல் நாள் வணக்கத் திரைவரை கொண்டுவந்து காட்டட்டும். பிறகு வரும் கூகுள் கணக்கை நீயே திற. கடையிலிருக்கும் தம்பி ஒரு நிமிடத்தில் திறந்து தந்துவிடுவான், உண்மைதான். ஆனால் எந்தப் பெயரில் திறந்தான், என்ன கடவுச்சொல் வைத்தான் என்று உனக்குத் தெரியாது. தோட்டத்தில் எத்தனையோ பேருடைய போனுக்குள் யாரோ திறந்த கணக்குத்தான் இருக்கிறது. ஒருநாள் எண் மறந்து போனை அழிக்க நேர்ந்தால், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள், வெளிநாட்டிலிருக்கும் தங்கையின் நம்பர்கள், எல்லாமே போகும். சொந்தப் போன் சொந்தக்காரியையே யார் என்று கேட்கும். உன் பெயரில், உன் நம்பரில், நீ நினைவில் வைக்கும் சொல்லில் திற. தெரியவில்லையா, சாதாரண தரம் எழுதிய பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடு. அவள் சொல்லித் தரட்டும், விரல் உன்னுடையதாக இருக்கட்டும்.

பத்தாம் திகதிச் சம்பளம் வந்த கையோடு தனியாகப் போகாதே, விஷயம் தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு பகலில் போ. பஸ் நிலையத்தில் ஓரமாகக் கூப்பிட்டுப் பாதி விலைக்குக் காட்டும் போனைத் திரும்பியும் பாராதே. இன்னொரு தோட்டத்துப் பிள்ளை அழுதுகொண்டு பொலிஸின் ஐ-நீட் தளத்தில் முறைப்பாடு போட்ட போனாக அது இருக்கலாம். கடையில் காசைக் கொடுக்குமுன் பில் கேள். மொடல், விலை, திகதி, திருப்பித் தரும் காலம் எத்தனை நாள், அந்த 15 இலக்க எண், ஐந்தும் பில்லில் இருக்க வேண்டும். கடை முத்திரை வேண்டும். எழுத மாட்டேன் என்றால் காசை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நட. எழுதித் தந்தால் அந்தப் பில்லைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கும் பெட்டிக்குள் வை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மாவுக்கு முதல் கோலை உன் சொந்தப் போனிலிருந்தே எடு.